காலிக்குடமும் அன்றைய பேப்பரும்

தாலுகா நிருபர் வேலை என்பது அடுத்தவர் போராட்டத்தில் நாம் வெயில் காய்கிற வேலை. திண்டிவனத்திலிருந்து விக்கிரவாண்டி வரை பைக்கில் அலைந்து முதுகு வலி சம்பாதித்த எனக்கு இது தெரியும். இதே தொழிலில் மாட்டிக்கொண்ட உங்களுக்கும் தெரியும். முன்பெல்லாம் நாம் போய்ச் சேரும்வரை கோஷமாவது காத்திருக்கும். ஃபேஸ்புக்கும் வாட்ஸ்அப்பும் வந்து அந்த மரியாதையும் போயிற்று.

முடிந்துபோன ஆர்ப்பாட்டம்

திண்டிவனத்தில் ஒரு கட்சியின் கண்டன ஆர்ப்பாட்டம். வழியில் வண்டி பஞ்சராகி, கொஞ்சம் தாமதமாகப் போனேன். மைக்செட்டைக் கழற்றிக்கொண்டிருந்தார்கள். கண்டித்தவர்கள் எல்லோரும் டீக்கடையில் உட்கார்ந்து, தாங்கள் கண்டித்ததைப் போனில் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு வந்ததே கோபம். "எனக்காகக் காத்திருக்கக் கூடாதா?" என்று நகரச் செயலாளரிடம் கேட்டேன். அவர் தோளில் கைபோட்டுச் சமாதானம் சொன்னார்: "லைவ் முடிஞ்சிபோச்சி சார். எங்க பேஜ்லேந்து படம் எடுத்துக்குங்க, நேர்ல பாக்கறத விட அதுல கூட்டம் ஜாஸ்தியா தெரியும்."

உட்காராத மறியல்

விக்கிரவாண்டிப் பக்கம் ஒரு கிராமத்தில் காலனிக்குப் போகும் குடிநீர்க் குழாய் உடைந்து, பெண்கள் கரும்புத் தோட்டத்து பம்புசெட்டுக்குக் குடம் தூக்கிக்கொண்டிருந்தார்கள். செல்வி என்ற பெண்மணி தலைமையில் காலிக்குடங்களோடு சாலையில் உட்கார்ந்தார்கள். நானும் எழுதி அனுப்பினேன். "காலிக்குடத்துல புதுசா என்னய்யா இருக்கு?" என்று விழுப்புரம் அலுவலகத்துத் துணையாசிரியர் அதை இரண்டு வரியாக்கி ஓரத்தில் போட்டார். குழாய் உடைந்தபடியே கிடந்தது.

அன்று யாரோ போனில் எடுத்துவைத்த மறியல் வீடியோவை அடுத்த கோடையில் புதிதுபோல வாட்ஸ்அப்பில் தட்டிவிட, மாவட்டமே பார்த்தது. "ஊரே பாக்குது, நீ எங்கய்யா இருக்க?" என்று துணையாசிரியர் விரட்டினார். விழுந்தடித்து ஓடினேன். சாலையில் ஈ காக்கை இல்லை. எனக்கு முன்பே தண்ணீர் லாரியோடு வந்துவிட்ட அதிகாரிகள் மறியலைத் தேடிக்கொண்டிருந்தார்கள். கேப்பைக் களி கிண்டிக்கொண்டிருந்த செல்வி வெளியே வந்து லாரியைப் பார்த்தார். "நடுரோட்ல ஒக்காந்து தொண்ட கிழிய கத்துனப்ப ஒருத்தரும் வரல. ஊட்ல களி கிண்டிக்கினு இருந்தா லாரி வருது! இன்னா சார் ஞாயம் இது?"

உட்கார்ந்த மறியல்

லாரி அன்றோடு சரி. குழாயைச் சரிசெய்யச் சொல்லி, மறுவாரமே நிஜமாக உட்கார்ந்தார்கள். மொட்டை வெயிலில் நின்று படம் அனுப்பினேன். துணையாசிரியர் சிரித்தார்: "அதே ரோடு, அதே குடம், அதே அம்மா. பழசை எங்கிட்டயே தள்ளிவிடுறியா?" ஃபேஸ்புக்கில் வேறு, 'இது பழைய வீடியோ, யாரும் நம்பாதீர்கள்' என்று ஒரு நல்லவர் எச்சரித்துக்கொண்டிருந்தார். அதிகாரிகளும் அதை நம்பி நிம்மதியாக இருந்துவிட்டார்கள். எனக்கு அழுகையே வந்துவிடும் போலிருந்தது.

கடைசியில் டீக்கடையில் கிடந்த எங்கள் பேப்பரை எடுத்துவந்து, தேதி தெரிகிற மாதிரி செல்வியைப் பிடிக்கச் சொன்னேன். அவர் பக்கத்துப் பெண்ணைக் கூப்பிட்டார்: "நாம இன்னிக்கிதான் ஒக்காந்துகினு இருக்கோம்னு பேப்பரு சாட்சி சொல்லணுமாம். நீயும் ஒரு பக்கம் நல்லா தூக்கிப் புடிடீ!"

வந்த படம்

மறுநாள் முதல் பக்கத்திலேயே பெரிதாகப் படம். ஆசையாகப் பார்த்தேன். குடங்களை வெட்டியிருந்தார்கள். பேப்பரை உயர்த்திப் பிடித்த இரண்டு பெண்கள் மட்டும் இருந்தார்கள். கீழே, 'கிராமத்துப் பெண்களின் பேராதரவில் நமது நாளிதழ்' என்று ஒரு வரி. லைக் குவிகிறது என்று துணையாசிரியர் போனில் பூரித்தார். எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. கிராமத்துக்குப் போய் ஒளிக்காமல் காட்டினேன். இடுப்பில் குடத்தோடு பம்புசெட்டுக்குக் கிளம்பிய செல்வி படத்தை நிதானமாகப் பார்த்தார். "பேப்பரு எங்க ஊட்டுக்கு வந்துடுச்சி சார். தண்ணி எப்ப வரும்?"

ஒரு போராட்டம் பழசா புதுசா என்று கண்டுபிடிக்க நமக்கு எல்லா வசதியும் வந்துவிட்டது, அது எதற்காக நடக்கிறது என்று பார்க்கத்தான் இன்னும் யாருக்கும் கை ஒழியவில்லை.