கல்யாணக் கார்டில் என் வலைப்பூ

இதுவரை நாற்பத்தேழு பேர் வந்திருக்கிறார்கள் என்று என் வலைப்பூவின் அடியில் இருந்த எண்ணிக்கைப் பெட்டி சொன்ன அன்று, மட்டாஞ்சேரியில் என்னைவிடச் சந்தோஷமான ஆள் இருந்திருக்க முடியாது. கடையை மனைவியிடம் விட்டுவிட்டு, பக்கத்துக் கட்டடத்தில் இன்டர்நெட் கஃபே நடத்திய சேச்சியிடம் ஓடினேன். அவர் மலையாளி, என் வயதுதான். எனக்கு வலைப்பூ தொடங்கிக் கொடுத்ததே அவர்தான். திரையைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"ஒரு திவசம் நீங்க இத எத்தன தடவ திறந்து பாக்கும்?"

"ஒரு நாளைக்குப் பத்துத் தடவை இருக்கும் சேச்சி."

"அப்போ இது மொத்தம் நீங்க தன்னே!"

அட கஷ்டமே! என் வீட்டுக் கதவை நானே நாற்பத்தேழு முறை தட்டி, விருந்தாளி வந்திருக்கிறான் என்று குதித்திருக்கிறேன். சேச்சி சிரிப்பை அடக்கிக்கொண்டு சாயா சொன்னார்.

இரண்டாயிரம் பிறந்து ஆறேழு வருஷம் ஆகியிருந்த காலம் அது. எங்களுடையது சின்ன டி.டி.பி. கடை. இரண்டு கம்ப்யூட்டர், ஒரு பிரிண்டர். கல்யாணக் கார்டு, பில் புத்தகம், டியூஷன் நோட்டீஸ், மரண அறிவிப்பு எல்லாம் செய்வோம். வலைப்பூ எழுதிப் பேர் வாங்கும் ஆசையெல்லாம் எனக்குக் கிடையாது. ஒரே ஒரு ஆள் அதைப் படித்தால் போதும். என் தங்கச்சி.

முனிசிபாலிட்டியில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற அப்பா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, அவள் மஸ்கட்டில் நர்ஸாகச் சேர்ந்து மூன்று மாதம்கூட ஆகவில்லை. டாக்டர் செவ்வாய்க்கிழமையே கையை விரித்துவிட்டார். இப்போது சொன்னால் போட்டது போட்டபடி ஓடிவருவாள், புது வேலை போய்விடும் என்று நானாக முடிவு செய்தேன். அப்பா இரண்டு முறை கேட்டார், "அவகிட்ட சொன்னியா?" என்று. "சொல்லியாச்சுப்பா, லீவு கிடைக்கல" என்றேன். சொல்லவே இல்லை. வெள்ளிக்கிழமை எல்லாம் முடிந்த பிறகுதான் போன் செய்தேன். மகள் தெரிந்தும் வரவில்லை என்று நினைத்தபடியே அப்பா போனார்.

அவள் மூன்றாம் நாள் வந்து சேர்ந்தாள். "திடீர்னு ஆயிடுச்சு" என்று அவளிடமும் ஒரு பொய். ஆஸ்பத்திரிச் சீட்டில் அப்பாவைச் சேர்த்த தேதியை அவள் பார்த்துவிட்டாள். பத்து நாள் மறைத்திருக்கிறேன் என்று தெரிந்ததும் ஒரு வார்த்தை பேசாமல் கிளம்பிப் போனாள். நம்பரை மாற்றினாள், வேலை பார்த்த ஆஸ்பத்திரியையும் மாற்றினாள். நான் போட்ட கடிதம் திரும்பி வந்தது. ஆனால் அப்பாவிடம் நான் சொன்ன பொய் அவளுக்குத் தெரியாது. அதை நேரில் சொல்ல எனக்கு வாய் வராது. எழுதினால் வரும் என்று தோன்றியது. நெட்டில் போட்டால் உலகமே பார்க்கும் என்று சேச்சி சொன்னார். உலகம் பார்த்தால் மஸ்கட் பார்க்காதா? 'அப்பா போன வெள்ளிக்கிழமை' என்று தலைப்பு வைத்து, மாலை போட்ட அப்பா படத்தை வலைப்பூவின் உச்சியில் ஏற்றி, நடந்ததை நடந்தபடி எழுதினேன். அப்பாவைப் பற்றி என்பதால் கை தானாகத் தமிழில்தான் போயிற்று.

எழுதியாயிற்று. ஆள் வர வேண்டுமே! காசு கொடுத்து விளம்பரம் செய்ய நமக்கு வழி ஏது? சேச்சி சொன்ன சல்லிக்காசு செலவில்லாத வழிகளை ஒவ்வொன்றாகப் பிடித்தேன். தமிழ் வலைப்பூக்களை எல்லாம் ஓரிடத்தில் காட்டும் திரட்டியில் பதிவு செய்தேன். என் பக்கம் அதில் பத்து நிமிஷம் தெரிந்தது, அப்புறம் புதுப் பதிவுகள் அடித்துக்கொண்டு போய்விட்டன. பிறருடைய வலைப்பூக்களுக்குப் போய்ப் பின்னூட்டம் போட்டு, கீழே என் விலாசத்தை வைத்தேன். ஒருவர் எழுதிய கவிதையைப் படிக்காமலேயே 'அருமை' என்று போட்டுவிட்டேன். அது அவருடைய நாய் செத்த கவிதையாம். அவர் என் பக்கத்துக்கு வந்து திட்டிவிட்டுப் போனார். அவர்தான் எனக்கு வந்த முதல் வாசகர்.

"யாரும் சாவு தேடி நெட்டுக்கு வராது. சமையல் தேடித்தான் வரும். எதுனா கறி எழுதுங்க" என்றார் சேச்சி. எனக்கு எரிச்சல். அப்பாவைப் பற்றி எழுதும் இடத்தில் கறியா? ஆனாலும் எழுதினேன். ஞாயிற்றுக்கிழமைகளில் அப்பா வைக்கும் மத்திக் குழம்பு, பக்கத்தில் வேகவைத்த கப்பை, அதாவது மரவள்ளிக்கிழங்கு. அய்யோ, என்ன கூட்டம்! எங்கெங்கிருந்தோ ஆட்கள் வந்து, குடம்புளியா சாதாரணப் புளியா என்று என் வாசலில் சண்டை போட்டார்கள். எண்ணிக்கைப் பெட்டி ஒரே வாரத்தில் ஆயிரத்தைத் தாண்டியது. பக்கத்திலேயே அப்பாவின் சாவு இருந்தது, எட்டிப் பார்க்க நாதி இல்லை. குழம்பு வைத்தவர் எப்படிச் செத்தார் என்று ஒருவருக்காவது கேட்கத் தோன்றாதா? எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை.

சரி, தெரியாத கூட்டம் வேண்டாம், இங்கேயே குடியிருக்கும் நம் தமிழ் ஆட்களைப் பிடிப்போம் என்று அடுத்த யோசனை. தங்கச்சியைத் தெரிந்தவர்கள் அவர்கள்தானே? பள்ளுருத்தியில் எங்கள் சமுதாயக் கோயில் திருவிழாவில் விலாசம் அடித்த துண்டுச் சீட்டு கொடுத்தேன். பாவம், நிறையப் பேர் திறந்து பார்த்தார்கள். "போட்டோ சூப்பரா இருக்கு அண்ணா" என்றான் ஒருவன். என்ன எழுதியிருந்தேன் என்று கேட்டேன். "அது... மாமாவைப் பத்தித்தானே?" என்று தலையைச் சொறிந்தான். இன்னொருத்தி, "எழுத்து நல்ல பங்கியா, அழகா இருந்துச்சு" என்றாள். விசாரித்தால், ஒருவருக்கும் தமிழ் வாசிக்கத் தெரியாது. எல்லாரும் மலையாளப் பள்ளியில் படித்தவர்கள்.

"நம்ம ஆளுங்களுக்கு வாயெல்லாம் தமிழு, கண்ணெல்லாம் மலையாளம். இது தெரியாமலா இத்தன சீட்டு அடிச்சீங்க?" என்றாள் மனைவி. நான் தமிழ் மீடியத்தில் படித்தவன், எனக்கு எப்படி இது தோன்றும் என்று வள்ளென்று விழுந்தேன். கோபத்தில் அன்று வேறு எதையும் யோசிக்கவில்லை.

பிறகுதான் அந்த மகா புத்தி வந்தது. நாங்கள் அடித்துக் கொடுக்கும் எல்லாவற்றிலும் அடியில் பொடி எழுத்தில் கடைப் பெயர் போடுவது வழக்கம். அதன் கீழே இன்னொரு வரி சேர்த்தால் யார் தடுப்பது? செலவும் இல்லை. பில் புத்தகத்தில் வலைப்பூ விலாசம் போட்டேன், டியூஷன் நோட்டீஸில் போட்டேன், மரண அறிவிப்பில் போட்டேன். ஒருவரும் கேட்கவில்லை. அப்படியே கை ஓட்டத்தில் ஒரு கல்யாணக் கார்டிலும் போட்டுவிட்டேன். பெண் வீட்டார் பிராட்வே கடைத்தெருவில் பார்த்துப் பார்த்து வாங்கிய கார்டு. தங்க நிறத்தில் பிள்ளையார். மொத்தம் நானூறு கார்டு.

நாலாம் நாள் பெண்ணின் அப்பா பள்ளுருத்தியிலிருந்து ஆட்டோவில் வந்து இறங்கினார். கையில் கார்டுக் கட்டு. முகம் சிவந்திருந்தது.

"ஓய், என்னய்யா பண்ணி வச்சிருக்கே? இதுல பொண்ணு மாப்பிள்ள போட்டோ இருக்கும்னு சம்பந்தி வீட்டுல கம்ப்யூட்டர திறந்திருக்காங்க. மால போட்டு உங்கப்பன் இருக்கான்! கல்யாணத்துக்குக் கூப்பிட்டவங்கள எழவு வீட்டுல கொண்டுபோய் நிறுத்திட்டியே, நீ உருப்படுவியா?"

செய்தது தப்பு என்று அந்த நிமிஷம்வரை எனக்கு உறைக்கவே இல்லை. மனைவி அவரை உட்கார வைத்து, தண்ணீர் கொடுத்து, "அவருக்கு அப்பா போனதிலிருந்து புத்தி ஒரு நிலையில இல்லண்ணே" என்றாள். அது என்னைக் காப்பாற்றச் சொன்னதா, உண்மையாகவே சொன்னதா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. இருவருமாக உட்கார்ந்து, மிச்சமிருந்த கார்டுகளின் அடியை அரை அங்குலம் வெட்டியெடுத்தோம். அதற்குள் கொஞ்சம் கார்டு வெளியூருக்கும் வளைகுடாவுக்கும் போயிருந்தது. கல்யாணக் கார்டில் எழவைப் போட்டவன் என்று ஊரெல்லாம் பேர். பேட்டைத் தெருவில் நடந்தால் சிரித்தார்கள். எண்ணிக்கைப் பெட்டி மட்டும் ஏறிக்கொண்டே போனது. யார் வந்தார்கள், எதற்கு வந்தார்கள், ஒன்றும் விளங்கவில்லை. இனி வலைப்பூவே வேண்டாம், மூடிவிடலாம் என்று மனைவியிடம் சொன்னேன்.

மூடுவதற்கு முன், ஒரு மத்தியானம், கடைப் போன் அடித்தது.

"அண்ணா, நான்தான்."

நான் நாற்காலியைத் தேடி உட்கார்ந்தேன்.

"இங்க பள்ளுருத்திக்காரி ஒருத்தி சொல்லிச் சொல்லிச் சிரிச்சா. கல்யாணக் கார்டுல சாவப் போட்டது உங்க அண்ணனாமேன்னு. அவகிட்ட சண்ட போட்டுட்டு, அப்புறம் விலாசத்த வாங்கினேன்."

"படிச்சியா?"

"எனக்கு எங்க தமிழ் வாசிக்கத் தெரியும்?"

அவளும் மலையாளப் பள்ளிதான். அவளைக் கையைப் பிடித்து அங்கே கொண்டுபோய் விட்டவனே நான்தான். பிறந்ததிலிருந்து தமிழிலேயே பேசி, தமிழிலேயே சண்டை போட்டவளுக்கு இந்த எழுத்து தெரியாது என்பது எப்படி மறந்தது? கோயிலில் அத்தனை பேரைப் பார்த்தும் எனக்கு ஏன் உறைக்கவில்லை? என்மேலேயே எனக்கு அப்படி ஒரு ஆத்திரம் வந்தது.

"என் ரூம்ல ஒரு நாகர்கோவில் பொண்ணு இருக்கா. அவதான் வாசிச்சுக் காட்டினா. நல்லா வாசிச்சுட்டே வந்தா. அப்பா ஆஸ்பத்திரியில என்னைக் கேட்டாருன்னு ஒரு இடம் வந்ததும் நிறுத்திட்டா. இதுக்கு மேல ஒண்ணும் இல்லக்கான்னு மூடிட்டா. ஆனா கீழ எழுத்து இருந்துச்சு அண்ணா, நான் பாத்தேன். அதுல என்ன இருக்கு?"

"அந்தப் பொண்ணையே இன்னொரு தடவ..."

"அவ அழுறா. கேட்டா சொல்ல மாட்டேங்குறா. நீ சொல்லு."

மனைவி எழுந்துபோய் பிரிண்டரை நிறுத்தினாள். பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு வாசித்துவிடலாம் என்று பார்த்தேன். நான் எழுதியதுதான், ஆனால் வாய்க்கு வரவில்லை. திரையிலிருந்து முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

"அவகிட்ட சொன்னியான்னு அப்பா ரெண்டு தடவ கேட்டாரு. சொல்லியாச்சு, உனக்கு லீவு கிடைக்கலன்னு சொன்னேன். நான் உனக்குச் சொல்லவே இல்ல. அப்பாவுக்கு அது தெரியாது. நீ தெரிஞ்சும் வரலன்னு நெனச்சுட்டே போயிட்டாரு."

போனை வைத்துவிடுவாள் என்றே நினைத்தேன்.

"அதுக்கு அப்பா என்ன சொன்னாரு?"

அதை நான் எழுதியிருக்கவில்லை. மனைவியிடம்கூடச் சொன்னதில்லை.

"புது வேலையாச்சே, பாவம், திரும்பத் திரும்பக் கூப்பிட்டு அவள பேஜார் பண்ணாதேன்னு சொன்னாரு."

அவள் சின்ன வயசில் அழுவதுபோல் வாய்விட்டு அழுதாள். என்னை என்னென்னவோ சொல்லித் திட்டினாள், பாதி தமிழ், பாதி மலையாளம். நான் கேட்டுக்கொண்டே இருந்தேன். அவள் போனை வைக்கவில்லை.