தம்பியின் வலது தோள்

அவளுக்கு 'அரை இஞ்ச் அக்கா' என்று பட்டப்பெயர். அவள் தையல் கடைக்குச் சட்டை தைக்கக் கொடுக்க வருகிற ஆளை வாசலில் பார்த்ததுமே, "இடுப்புல அரை இஞ்ச் விடணும்" என்பாள். பிறகு டேப்பை வைத்து அளந்தால், டேப்பும் ஆமாம் சாமி போடும்.

அவள் தம்பி பத்து வருஷமாகத் தண்ணீர் கேன் சுமக்கிறவன். வலது தோள் அரை இஞ்ச் இறங்கிவிட்டது. அதைத் துண்டு போட்டு மறைத்தே நடப்பான்; யாராவது கேட்டால் எரிந்து விழுவான். அவனுக்காகவே, அந்தத் தோளின் இறக்கத்துக்கு ஏற்ப அக்கா ஒரு சட்டை வெட்டினாள். பட்டன் வரிசை நெஞ்சுக்குக் குறுக்கே சாய்ந்து ஓடும். அதைப் பார்க்கிற கண்ணுக்குத் தோளின் சாய்வு தெரியாது. "எனக்கும் ஒண்ணு" என்று ஆட்கள் மொய்த்தார்கள். அவர்களுக்கெல்லாம் தோளைச் சரிசமமாக வெட்டிக் கொடுத்தாள்.

ஒருநாள் கூலிங்கிளாஸ் போட்ட ஒருவர் வந்தார். வாசலில் தொங்கிய சட்டையேதான் வேண்டும் என்று அடம்பிடித்தார். அது தம்பிக்குத் தைத்தது. நச்சரிப்பு தாங்காமல் கொடுத்துத் தொலைத்தாள்.

மூன்றே வாரத்தில் பெரிய ஜவுளிக்கடை முழுக்க அதே சட்டை! அதோடு விட்டார்களா? அவள்தான் தங்கள் டிசைனைத் திருடினாள் என்று வணிகர் சங்கத்தில் புகார் வேறு. அவள் கடை சங்கத்தின் கட்டடத்தில் இருந்தது. திருட்டு என்று முடிவானால் காலி செய்ய வேண்டியதுதான்.

விசாரணைக்கு ஜவுளிக்கடை மேனேஜர் அந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டே வந்தார். என்ன துணிச்சல்! காலர் மட்டும் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு நின்றது. அக்கா பார்த்த மாத்திரத்தில் கண்டுபிடித்துவிட்டாள். அப்படியே உரித்துப் படியெடுத்திருக்கிறார்கள், தோள் உட்பட.

"யார் முதல்ல தைச்சதுன்னு எதை வெச்சும்மா சொல்றது?" என்றார் சங்கத் தலைவர்.

வாயைத் திறந்தால் ஜெயித்துவிடலாம். ஆனால் கதவோரம் தம்பி துண்டோடு நின்றான். அவள் வாயைத் திறக்கவில்லை.

"பாத்தீங்களா, பேச்சு மூச்சு இல்ல" என்றார் மேனேஜர்.

தம்பி அவள் முகத்தைப் பார்த்தான். மேனேஜரின் காலரைப் பார்த்தான். துண்டை உருவி நாற்காலியில் போட்டான்.

"சார், சட்டையைக் கழட்டுங்க."

"என்னது?"

"உள்ள பனியன் இருக்குல்ல? வெக்கப்படாதீங்க."

தலைவரும் தலையாட்டியதால் மேனேஜர் கழற்ற வேண்டியதாயிற்று. தம்பி போட்டுக்கொண்டான். அச்சில் வார்த்தது போல உட்கார்ந்தது. அக்கா டேப்பை நீட்ட, தலைவரே சட்டையை அளந்தார். வலது தோள் அரை இஞ்ச் இறக்கம். ஜவுளிக்கடையிலிருந்து பிரிக்காத பாக்கெட் ஒன்றை வரவழைத்துப் பார்த்தார்கள். அதிலும் அரை இஞ்ச்.

"இது பத்து வருஷம் கேன் தூக்கின தோள். உங்க கடையில யாரு சார் கேன் தூக்கினது?" என்றான் தம்பி.

மேனேஜர் பனியனோடு வாசல் பக்கம் நகர்ந்தார். புகாரைக் கிழித்துப் போட்டார் தலைவர்.

படியிறங்கும்போது தம்பி கேட்டான்: "அப்போ அந்தக் கடை பூரா என் தோள்தான் தொங்குதாக்கா?"

"ஆமாடா. ஊரே இனி காலரை இழுத்து இழுத்து விட்டுக்கிட்டுத் திரியும். உனக்கு மட்டும்தான் கச்சிதம்."

அவன் வாய்விட்டுச் சிரித்தான். துண்டு மாடியிலேயே, நாற்காலியில் கிடந்தது. அவளும் ஞாபகப்படுத்தவில்லை.