சூடம் நிற்காத கணினி

முத்தையா ஐயாவின் ஆர்டர் கிடைக்கவில்லையென்றால் மாதக் கடைசியில் கடையை மூடிவிடுவேன் என்று சேகர் அண்ணன் சொன்னார். தொண்ணூறுகளின் கடைசி அது. மலாக்காவில், புக்கிட் பெருவாங்கில் அவர் வைத்திருந்த கணினிக் கடையில் நான் ஒருவன்தான் ரிப்பேர்காரன். மூன்றாம் படிவத்தோடு பள்ளியை விட்டு, ஏர்கோன் ரிப்பேர் பழகி, அங்கே வந்து சேர்ந்தவன். கையில் சான்றிதழ் எதுவும் கிடையாது. கடை மூடினால் என்னை வேறு எவன் எடுப்பான் என்று அன்றிலிருந்தே எனக்குச் சோறு இறங்கவில்லை.

முத்தையா ஐயா சைபர் கஃபே திறக்கவிருந்தார். கேம் விளையாட வேகமான கணினி பத்து வேண்டும். முந்நூறு மெகாஹெர்ட்ஸ் என்று விற்கும் பிராசசரை நானூற்றைம்பதில் ஓட்டிக் காட்டுவதாக அண்ணன் வாக்குக் கொடுத்துவிட்டார். அதற்குப் பெயர் ஓவர்க்ளாக். வேகம் கூடினால் சூடும் கூடும். சூடு கூடினால் கணினி பாதியில் நின்றுவிடும்.

"மணி, நீ ஏர்கோன்காரன்தானே? ஐஸ் மாதிரி ஆக்கிடு லா" என்றார்.

மீன் தொட்டி பம்ப் வைத்துத் தண்ணீர் ஓட்டலாம். குழாய் கழன்றால் எல்லாம் அபிஸ், கதை முடிந்தது. ஃப்ரிட்ஜ் கம்ப்ரசர் வைக்கலாம் என்றேன். "வேணாம்டா, கஸ்டமர் வந்து மீன் கிலோ என்ன விலைன்னு கேப்பான்" என்று அண்ணன் மறுத்தார். திரவ நைட்ரஜன் பற்றி ஒரு பத்திரிகையில் படித்தேன், கை பட்டால் உறைந்துவிடுமாம். அன்று எனக்குத் தூக்கம் போனதுதான் மிச்சம். கடைசியில் உலர் பனிக்கட்டி என்று முடிவானது. அது உருகித் தண்ணீராகாது, புகையாகவே போய்விடும். பக்கத்தில் செங் என்ற ஊரில் ஐஸ்கிரீம் கிடங்கில் வேலை பார்த்த மச்சான் ஒரு பெட்டி கொடுத்தான். செம்பில் ஒரு கிண்ணம் செய்து பிராசசரோடு பொருத்தினேன். மலாக்காக் காற்றின் ஈரம் அந்தக் குளிரில் வேர்த்து போர்டை நனைக்குமே என்று சுற்றிலும் ஸ்பாஞ்ச் ஒட்டினேன். போதாது என்று தோன்றியது. இன்னும் ஒட்டினேன்.

முத்தையா ஐயா வந்தார். கட்டிகளைக் கிண்ணத்தில் போட்டதும் வெள்ளைப் புகை பொங்கி மேசையில் வழிந்தது. புதுக் கணினியைச் சாமி கும்பிடாமல் முடுக்குவது அண்ணனுக்கு வழக்கமில்லை. தட்டில் சூடம் ஏற்றி அதன் முன்னால் வைத்தார். எங்கே தீப்பிடிக்குமோ என்று நான் ஸ்பாஞ்சையே பார்த்துக்கொண்டிருந்தேன். தீ பிடிக்கவில்லை. சூடம் அணைந்துவிட்டது.

மறுபடி ஏற்றினார். மறுபடி அணைந்தது.

"அண்ணே, அந்தப் பொகையில தீ நிக்காது. அது கேஸ்ணே."

"என்ன கேஸோ! இவ்ளோ பெரிய ஆர்டர், சூடம் அணையுது, நீ பாடம் நடத்துற!"

முத்தையா ஐயா நாற்காலியைப் பின்னால் தள்ளி எழுந்தார். "சேகர், எனக்கு மனசு சரியில்லப்பா. இன்னொரு நாள் வரேன் லா."

இன்னொரு நாள் என்றால் இன்னொரு கடை. அண்ணனுக்கும் அது தெரியும். "தூக்கிப் போடுடா அந்தப் பனிய!" என்று கத்தினார். "ஐயா, அஞ்சு நிமிஷம் உக்காருங்க."

கிண்ணத்தைக் கழற்றினேன். பக்கத்து சலூனில் ஹேர் டிரையர் இரவல் வாங்கி போர்டை உலர்த்தி, பிராசசரோடு பெட்டியில் வந்த சாதாரண ஃபேனை மாட்டினேன். இந்த முறை சூடம் நின்று எரிந்தது. நானூற்றைம்பதில் வைத்து முடுக்கிவிட்டு, கண்ணை மூடிக்கொண்டேன்.

ஓடியது. கேமைப் போட்டு வெகுநேரம் பார்த்தோம், நிற்கவே இல்லை. வெறும் ஃபேனில் ஓடுகிறதா என்று பார்க்க அதுவரை எங்கள் இருவருக்கும் தோன்றவே இல்லை.

"அப்ப எதுக்குப்பா அந்தப் பொகை?" என்று கேட்டார் முத்தையா ஐயா.

"சாமியே வழி காட்டிடுச்சுங்கையா" என்றார் அண்ணன், சிரிக்காமல்.

ஆர்டர் கிடைத்தது. ஆனால் பத்துக்கும் சூடம் காட்டித்தான் தர வேண்டுமாம். வேலை தப்பியது, என் கவலை தீரவில்லை. ஒரு பிராசசர் ஓடினால் மற்றதும் ஓடும் என்று யார் சொன்னது? ஒவ்வொன்றாக ஓட்டிப் பார்த்தேன். இரண்டு நானூற்றைம்பதில் ஓட மறுத்தன.

"நீ சூடம் சரியாக் காட்டியிருக்க மாட்ட" என்றார் அண்ணன். நான் பிராசசரை மாற்றிப் போட்டேன். சூடத்தையும் மறுபடி காட்டினேன். எதற்கு வம்பு?

குளிர வைக்க எது நல்ல வழி என்று இப்போது கேட்கும் தம்பிகளுக்கு நான் சொல்வது இதுதான். முதலில் இருப்பதை வைத்து ஓட்டிப் பாருங்கள். ஓடவில்லையென்றால் பிராசசரை மாற்றிப் பாருங்கள். பனிக்கட்டி அதற்கப்புறம்தான். சூடம் காட்டுகிற கடையாக இருந்தால், பனிக்கட்டி போடும் முன்பே காட்டிவிடுங்கள்.