அப்பா வாங்கிய சொந்தக் கோட்டு

கம்பளி நூலைக் கொளுத்தினால் தலைமுடி கருகும் வாசம் வரும், பருத்தி நூலைக் கொளுத்தினால் அந்த வாசம் வராது. இதை நான் சின்னப் பெண்ணாக இருந்தபோது, பதுளைக் கடைவீதியில் ஒரு ஜவுளிக்கடை வாசலில், அப்பா பக்கத்தில் நின்று தெரிந்துகொண்டேன். கோட்டுக்கென்று கடைக்காரர் விரித்துப் போட்ட கறுப்புத் துணியின் ஓரத்தில் ஒரு நூலை உருவி, தீக்குச்சி கிழித்துக் கொளுத்தி, மூக்கருகே பிடித்துக் கண்ணை மூடிக்கொண்டு நின்ற அப்பாவைக் கடையில் இருந்த அத்தனை பேரும் வேடிக்கை பார்த்தார்கள். எனக்கு மானம் போயிற்று. அப்பாவுக்கு அந்தக் கவலையே இல்லை. "டவுனுக்குப் போனா எவன் சிரிச்சுப் பேசுறானோ அவன் கையப் பாரு" என்பது அவர் அடிக்கடி சொல்லும் பேச்சு.

எங்கள் தேயிலைத் தோட்டம் பசறையிலிருந்து மடுல்சீமைக்கு ஏறும் வழியில் இருந்தது. முதல் உலக யுத்தத்துக்கு முந்திய அந்தக் காலத்தில் வெள்ளைக்காரத் துரைமாரை விட்டால், ஆள் சேர்த்து வேலை வாங்கும் பெரிய கங்காணியும் கணக்கப்பிள்ளையும்தான் அங்கே கோட்டுப் போடுகிறவர்கள். நாங்கள் குடியிருந்த, வரிசையாக ஒட்டிக் கட்டிய "லயத்து" வீடுகள் அத்தனைக்கும் சேர்த்து ஒரே ஒரு கோட்டு இருந்தது. யார் வாங்கியது என்று யாருக்கும் நினைவில்லை. பெண் பார்க்க வருகிற நாளில் பெண்ணின் தகப்பன் அதைப் போட்டுக்கொள்வார். குட்டையானவர் போட்டால் விரல் தெரியாது, நெட்டையானவர் போட்டால் மணிக்கட்டு வெளியே நிற்கும். வருகிறவர்களும் தங்கள் லயத்துப் பொதுக் கோட்டில்தான் வருவார்கள். இரண்டு பக்கத்தாரும் அதைப் பார்த்தும் பாராததுபோல் இருப்பதுதான் மரியாதை.

என் அக்கா அங்கம்மாவுக்கு லுணுகலைப் பக்கத்துத் தோட்டத்திலிருந்து மாப்பிள்ளை கேட்டு வந்தார்கள். திருவிழாவில் அந்தப் பையனைப் பார்த்ததிலிருந்து அக்கா அடுப்படியில் தனியாகச் சிரித்துக்கொண்டிருந்தாள். அப்பா கங்காணி அல்ல, தேயிலைச் செடிக்குக் கிளை கழித்துக் கவ்வாத்து வெட்டுகிற ஆள். இருந்தாலும் அவருக்கு ஒரு வீம்பு வந்துவிட்டது. "எம் மகளுக்கு வெத்தல மாத்துற அன்னிக்கு எரவல் கோட்டுல நிக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டார். அம்மா வளர்த்த கிடேரியை விற்பதென்று முடிவாயிற்று. தோட்டத்துக்குள் விற்றால் பெரிய கங்காணி தன் கடனுக்கென்று குறுக்கே வந்து நிற்பார் என்பதால், ஒருவருக்கும் சொல்லாமல் விடியுமுன்னே பசறைக்கு ஓட்டிப் போனோம். அந்தக் கிடேரி என் பின்னால்தான் நடக்கும், வேறு யார் இழுத்தாலும் படுத்துக்கொள்ளும். அதனால்தான் எனக்கு அந்தப் பயணம் வாய்த்தது. பசறையில் ஒரு பால்காரரிடம் மாட்டை விட்டுவிட்டு, அப்பாவுக்குத் தெரிந்த ஒருவர் வீட்டில் இரவு தங்கி, மறுநாள் மாட்டுவண்டியில் பதுளைக்குப் போய்ச் சேர்ந்தோம்.

"வாங்க கங்காணி, இரிங்க" என்றார் கடை முதலாளி, தொப்பி வைத்த சிவந்த முஸ்லிம் மனிதர். கங்காணி என்று கூப்பிட்டதுமே அப்பாவின் முகம் மாறிவிட்டது, ஏதோ தலையில் கட்டப் பார்க்கிறான் என்று. முதலில் தைத்து வைத்திருந்த கோட்டு ஒன்றை எடுத்துக் காட்டினார்கள். அதில் கற்பூர வாசம் அடித்தது. எங்களுக்குக் கற்பூரம் என்றால் ஒன்று கோயில், இல்லாவிட்டால் சாவு வீடு. செத்துப்போன துரைமாரின் சாமான்களை ஏலம் போடுவார்கள், அந்த உடுப்பெல்லாம் கடைக்கு வரும் என்று லயத்தில் ஒரு பேச்சும் உண்டு. அப்பா கோட்டைத் தொட்ட கையை வேட்டியில் துடைத்துக்கொண்டார்.

"செத்த தொரை கோட்டா இது?"

"அந்துப்பூச்சிக்குப் போட்ட கற்பூரம் கங்காணி. எங்கட கடையில மய்யித்து உடுப்பு விக்கிறதில்ல" என்று முதலாளி தலையில் அடித்துக்கொண்டார்.

அப்பா நம்பவில்லை. துணியாக எடுத்துக் கண் முன்னால் தைத்தால்தான் ஆயிற்று என்று நின்றார். நூலைக் கொளுத்தி, ஓரத்தை எச்சிலால் நனைத்துச் சாயம் போகிறதா என்று பார்த்து, கடை விறாந்தையில் மெஷின் போட்டிருந்த தையற்காரரிடம் துணியை ஒப்படைத்துவிட்டு, அவர் எதிரிலேயே குந்திக்கொண்டார். சோறு தின்னக்கூட எழுந்திருக்கவில்லை. "நான் துணியத் திங்க மாட்டேன் அண்ணே, நீங்க போய்ச் சாப்பிட்டு வாங்க" என்று தையற்காரர் சொல்லியும் அசையவில்லை. வெட்டிய துண்டுகளையெல்லாம் கேட்டு வாங்கி மடியில் முடிந்துகொண்டார். கடைசியில் கோட்டைப் போட்டுப் பார்த்தபோது தோள் தோளில் இருந்தது, கை கையில் இருந்தது. அப்பா அவ்வளவு அழகானவர் என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது.

கோட்டைப் பழைய சாக்கில் சுற்றி, யார் கண்ணிலும் படாமல் கொண்டுவந்தோம். வந்து பார்த்தால் லயமே இழவு வீடாகக் கிடந்தது. நாங்கள் பசறையில் தங்கிய அந்த இரவில், பெரிய கங்காணியின் தொல்லை தாங்காமல் இருட்டோடு வேறு தோட்டத்துக்குத் தப்பிப் போகப் பார்த்த சில குடும்பங்களை, லுணுகலை ரோட்டு முடக்கில் காத்திருந்த காவல்காரர்கள் மடக்கிப் பிடித்துவிட்டார்கள். கடன் தீராமல் தோட்டத்தை விட்டுப் போவது அந்தக் காலத்தில் குற்றம் என்பதால், ஆண்களைப் பதுளை மறியலுக்கு, சிறைக்கு, கொண்டுபோயிருந்தார்கள். யாரோ துரைக்குக் காட்டிக் கொடுத்திருக்கிறார்கள் என்று எல்லாரும் எல்லாரையும் பார்த்துக்கொண்டிருந்த வேளையில், சொல்லாமல் கொள்ளாமல் போன நாங்கள் ஒரு மூட்டையோடு திரும்பி வந்தோம். பக்கத்து வீட்டுக்காரி என்னைக் கூப்பிட்டு, "எங்கடி போனீங்க, தொரை பங்களாவுக்கா?" என்று கேட்டாள். நான் மாட்டை விற்றதைச் சொன்னேன். "உங்கப்பன் நல்லாச் சொல்லிக் குடுத்திருக்கான்" என்றாள்.

மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள். பிடிபட்டவர்களில் ஒருவர் மாப்பிள்ளைக்குத் தாய்மாமன் முறை. அது எங்களுக்கு அப்போது தெரியாது. மாப்பிள்ளையின் தகப்பனார் வெற்றிலைத் தட்டைப் பார்க்கவில்லை, அப்பாவின் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு யாரும் கேட்கக்கூடாததைக் கேட்டார்.

"கோட்டு எரவலுங்களா?"

இரவல் என்று அப்பா ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் என் அக்காவுக்குக் கலியாணம் நடந்திருக்கும். அப்பா நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, "சொந்தம்" என்றார்.

"கவ்வாத்து வெட்டுறவருக்கு, அதுவும் இந்த நேரத்துல" என்றார் அவர். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார். தட்டில் இருந்த வெற்றிலையை ஒருவரும் தொடவில்லை.

அன்று மாலை அக்கா அப்பா எதிரில் வந்து நின்றாள். அழுது முகம் வீங்கியிருந்தது. "நெசத்தச் சொல்லுங்கப்பா, யாரு குடுத்தா அந்தக் கோட்ட?" என்று கேட்டாள். நான் குறுக்கே விழுந்து, நூல் கொளுத்தியதையும் மெஷின் முன்னால் குந்தியிருந்ததையும் சொன்னேன். அப்பா என்னைப் பேசாதே என்று கையமர்த்தினார். கோட்டைக் கழற்றி அதே சாக்கில் சுற்றினார். எனக்கு அவள்மேல் வந்த கோபம் வெகுகாலம் ஆறவில்லை.

லயத்தில் அடுத்த கலியாணப் பேச்சு வந்தபோது அப்பா தன் கோட்டைக் கொடுத்துப் பார்த்தார். அவர்கள் முழங்கை கிழிந்த அந்தப் பழைய கோட்டைத்தான் போட்டுக்கொண்டார்கள். அக்காவைப் பிறகு அப்புத்தளையில் ஒரு இரண்டாந்தாரத்துக்குக் கொடுத்தோம். அப்பா மேலில் துண்டோடு வந்து நின்றார்.

இன்று பதுளைக் கடைகளில் கோட்டுகள் கண்ணாடிக்குப் பின்னால் வரிசையாகத் தொங்குகின்றன. எங்கள் லயத்துப் பிள்ளைகள் போய்த் தோளுக்குப் போட்டுப் பார்த்து வாங்கி வருகிறார்கள், நூலைக் கொளுத்துகிறவர் யாரும் இல்லை. பெரிய கங்காணியும் இல்லை, பொதுக் கோட்டும் இல்லை, இருட்டில் தப்பி ஓட வேண்டியதும் இல்லை. காட்டிக் கொடுத்தது யார் என்பது கடைசிவரை தெரியவில்லை. அப்பா அல்ல என்பதற்கு நான் சாட்சி. மாடு கைமாறியதைப் பார்த்தேன், துணி வெட்டியதைப் பார்த்தேன். ஆனால் பசறையில் அன்று இரவு நான் நடந்த களைப்பில் அடித்துப்போட்டதுபோல் தூங்கிவிட்டேன். அப்பா என் பக்கத்தில்தான் படுத்திருந்தார் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். சொல்லிக்கொள்ள வேண்டியிருக்கிறது.