ஏரிக்கரையில் ஓர் அலுமினியத் துறை

அத்தான் சைக்கிளின் பின்னால் நீளமான அலுமினியத் தகடு ஒன்றைக் கட்டி, அதை ஒரு கையால் பிடித்தபடி தள்ளிக்கொண்டு வந்த மாலை இன்னும் கண்ணில் நிற்கிறது. தகடு வளைந்து நிமிரும்போதெல்லாம் வெயில் அதில் பட்டு எதிர்வரிசை குவார்ட்டர்ஸ் சுவர்களில் ஓடியது. வாசலில் நின்ற அக்காவின் முகம் மட்டும் இருண்டிருந்தது. அவள் கேட்டது மரம்.

அறுபதுகளின் தொடக்கம். நெய்வேலிப் பள்ளியில் எனக்கு ஆசிரியை வேலை கிடைத்ததால் அக்கா வீட்டில் தங்கியிருந்தேன். அத்தான் சுரங்கத்தின் ஒர்க்‌ஷாப்பில் ஃபோர்மேன். சுரங்கத்திலிருந்து இறைத்த தண்ணீர் எங்கள் பிளாக்குக்குப் பின்னால் இளஞ்சூடாக ஓடிவந்து ஏரிபோலத் தேங்கியிருந்தது. தாமிரபரணியில் நீந்தி வளர்ந்த அக்காவுக்கு, புழுதி பறக்கும் அந்தப் புது ஊரில் ஒட்டிய இடம் அது ஒன்றுதான். விடிந்ததும் போய் நீந்திவிட்டு வருவாள். அத்தான் ஒருநாளும் அந்தப் பக்கம் வந்ததில்லை. தண்ணீர் பிடிக்காதவர் என்று நினைத்துக்கொண்டோம்.

மழைக்காலத்தில், துணி துவைக்கப் போன பக்கத்து வீட்டம்மா கரைச்சேற்றில் வழுக்கி ஆழத்தில் விழுந்தாள். அக்காதான் பாய்ந்து இழுத்துப் போட்டாள். அதன்பிறகுதான் பிளாக்கில் எல்லோரும் கூடி, இறங்கி ஏற ஒரு துறை கட்டுவதென்று முடிவுசெய்தார்கள். பொறுப்பு அத்தானிடம் வந்தது. வெளிநாட்டு இயந்திரங்கள் வந்த பெட்டிகளின் தடித்த பலகைகள் கிடைத்தன. கழித்துப்போட்ட அலுமினியத் தகடுகளும் ஏலத்தில் கிடைத்தன. எதைப் போடுவது என்பதில்தான் வீட்டில் சண்டை.

“வெயில்ல தோசைக்கல்லு மாதிரி சுடுங்க. செருப்பில்லாம வர்ற பொம்பளைங்க எப்படி நிப்பாங்க? பலகைன்னா காலுக்கு இதமா இருக்கும்” என்பாள் அக்கா.

“தகடுதான்” என்பார் அத்தான். அதற்குமேல் பேசமாட்டார்.

பக்கத்து வீட்டம்மா குறிஞ்சிப்பாடிக்காரி. இடையில் புகுந்து, “மரமோ தகடோ, சீக்கிரம் போடுங்கண்ணே. நான் தெனமும் பயந்துகினே தொவைக்கிறேன்” என்று முறையிட்டாள்.

ஒரு ஞாயிறு மதியம் சாப்பிட உட்கார்ந்தபோது, பலகைகளைக் கேட்டுத் தானே ஆள் அனுப்பிவிட்டதாக அக்கா சொன்னாள். அத்தான் பிசைந்த சோற்றிலிருந்து கையை எடுத்தார். கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் குரல் உடைந்திருந்தது.

“எங்க ஊர்ல தோணித்துறை பலகைதான். மேல பாத்தா நல்லாத்தான் இருந்துச்சு. அடியில உளுத்துக் கிடந்தது யாருக்குத் தெரியும்? தம்பி முன்னால ஓடினான். நான் பின்னால வந்துக்கிட்டிருந்தேன்.”

அவ்வளவுதான் சொன்னார். அவருக்கு ஒரு தம்பி இருந்ததே எங்களுக்கு அன்றைக்குத்தான் தெரியும். அக்கா அவர் இலையில் ரசம் ஊற்றிவிட்டு, “தகடே போடுங்க” என்றாள்.

இரும்புக் குழாய்க் கால்களின்மேல் அலுமினியத் துறை எழுந்தது. ஒவ்வொரு திருகையும் அத்தானே முடுக்கினார். முடித்ததும் அதன்மேல் பலமுறை குதித்துப் பார்த்தார். கோடையில் அக்கா சொன்னபடியே சுட்டது. அவள் சாக்குகளைத் தைத்து இணைத்து, நனைத்து மேலே விரித்தாள். காய்ந்தால் அங்கிருக்கும் யாராவது இரண்டு கை தண்ணீர் தெளித்துவிடுவார்கள். வழுக்கலும் இல்லை, சூடும் இல்லை.

அந்த ஏரி இன்று இல்லை. சுரங்கம் நகர்ந்துவந்து அதை விழுங்கிவிட்டது. அத்தானும் அக்காவும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். இப்போது நெய்வேலி வழியாகப் பஸ்ஸில் போகும்போது தெரிவது மண்மேடுகள் மட்டுமே.

எனக்கு ஒரு காலைப்பொழுது நினைவுக்கு வரும். ஷிப்ட் முடிந்து வந்த அத்தான் வீட்டுக்குப் போகாமல் நேரே துறைக்கு நடந்து வந்தார். செருப்பைக் கழற்றிவிட்டு ஈரச் சாக்கில் உட்கார்ந்து, மெல்ல இரண்டு பாதங்களையும் தண்ணீரில் விட்டார். நடு ஏரியிலிருந்த அக்கா அதைப் பார்த்துத் திரும்பி வந்தாள். உள்ளே வாருங்கள் என்று அவள் கூப்பிடவில்லை. அன்று முதல் அவர் வந்து உட்காரும் நாட்களில் மட்டும், கரையை விட்டு அதிக தூரம் போகாமல், அவர் கண்முன்னாலேயே நீந்திக்கொண்டிருப்பாள்.