இடது புருவம் உயர்ந்த சரஸ்வதி

சித்திர ஆசிரியராக எனக்கு நியமனம் கிடைத்தபோது வயது முப்பத்து மூன்று. அதற்கு முன்பு ராகலைப் பக்கத்தில் பிரஷ் பிடித்துச் செய்யக்கூடிய வேலை எதையும் நான் விட்டுவைக்கவில்லை. எங்கள் தேயிலைத் தோட்டத்து லய வீட்டுக் கதவுகளுக்கு இலக்கம் போட்டிருக்கிறேன். மரக்கறிக் கடைகளின் பலகையில் கரட்டும் லீக்ஸும் வரைந்திருக்கிறேன். கோயில் கோபுரத்தில் சாரம் கட்டி ஏறி யாளிகளுக்குப் பல் தீட்டியிருக்கிறேன்.

எனக்குக் கொஞ்சம் பெயர் வாங்கித் தந்தது ஒரு சலூன் பலகை. அதில் ஒரு வாலிபனின் முகத்தை வரைந்தேன். இடப்பக்கத்து முடி அளவுக்கு மேல் அடர்த்தியாகிவிட்டது. வலப்பக்கத்தைச் சரிக்கட்டுவதற்குள் கறுப்புப் பெயின்ட் தீர்ந்துவிட்டது. மறுநாள் வந்து முடிக்கலாம் என்று போனேன். சலூன்காரர் என்னைக் கிட்டே விடவில்லை.

“கை வைக்காதீங்க தம்பி. காலையிலேர்ந்து நாலு பேரு இதே மாதிரி வெட்டச் சொல்லிட்டாங்க.”

அந்த வருடம் ராகலை இளைஞர்களில் பாதிப் பேர் தலை ஒரு பக்கமாகச் சாய்ந்தே நடந்தார்கள்.

நியமனம் கிடைத்தது நோட்டன் பிரிட்ஜுக்கு மேலே இருந்த ஒரு தோட்டப் பாடசாலையில். அதிபர் யாழ்ப்பாணத்துக்காரர். குடும்பத்தை ஊரில் விட்டுவிட்டு விடுதியில் தனியாக இருந்தார். மீசை இல்லாத உருண்டை முகம். இடது புருவம் மட்டும் எப்போதும் சற்று மேலே ஏறி நிற்கும். யாரோ சொல்லும் பொய்யைப் பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருப்பவரைப் போலத் தெரிவார்.

என் நியமனக் கடிதத்தை இரண்டு தடவை வாசித்துவிட்டுக் கேட்டார்: “மாஸ்டர், நீங்கள் கீறுவீங்களோ, பூசுவீங்களோ?”

“வரையவும் செய்வேன், பெயின்ட் அடிக்கவும் செய்வேங்க சேர்.”

“அப்ப முதல்ல பூசுங்கோ.”

அப்படித்தான் என் ஆசிரியர் வாழ்க்கை கழிவறைக் கதவுகளில் தொடங்கியது. அடுத்து கதிரைகளுக்கு இலக்கம். அதற்கப்புறம் விளையாட்டுப் போட்டிக்கு மைதானத்தில் சுண்ணாம்புக் கோடு. நாடகத்தில் இராவணனுக்கு மீசை வைத்தவனும் நான்தான். இதற்கு நடுவே வாரத்தில் இரண்டு நாள் சித்திரமும் படிப்பித்தேன்.

புரட்டாதியில் வாணி விழா நெருங்கியது. மண்டபத்தின் முன்சுவர் முழுக்க ஒரு சரஸ்வதி வேண்டும் என்றார் அதிபர். எனக்குச் சந்தோஷம் பிடிபடவில்லை. கதவிலிருந்து கடவுளுக்கு வந்துவிட்டேன் அல்லவா?

மண்டபம்தான் இருட்டு. அணையும் மின் நிலையமுமாக நாட்டுக்கே கரண்ட் கொடுக்கிற இடத்தில் இருந்துகொண்டு எங்கள் மண்டபத்துக்கு ஒரு பல்ப் கிடையாது. பகல் இரண்டு மணிக்கே பனி இறங்கி ஜன்னலை அடைத்துவிடும். அதிபர் ஒரு டோர்ச் லைட்டை எடுத்துக்கொண்டு சுவரோரமாக மேசை மேல் ஏறி நின்றார். எனக்கு வெளிச்சம் பிடிக்கிறாராம். ஐந்து நாள் அப்படி நின்றார். வாயும் ஓயவில்லை.

“கண்ணைப் பெரிசாப் போடுங்கோ. கன்னம் ஒட்டக்கூடாது. அம்மா சாப்பிடாத ஆள் மாதிரி இருக்கக்கூடாது.”

சொல்லிக்கொண்டே என்னைப் பார்ப்பார். வெளிச்சத்தில் பாதி சுவரிலும் பாதி அவர் முகத்திலும் விழும். நான் சுவரைப் பார்ப்பேன், அவரைப் பார்ப்பேன், பிரஷைத் தொட்டு வைப்பேன். அந்த இருட்டில் எனக்குத் தெரிந்த ஒரே முகம் அவருடையதுதான்.

ஆறாம் நாள் நல்ல வெயில். மண்டபத்தின் கதவுகளை எல்லாம் திறந்துவிட்டு எட்டத்தில் நின்று பார்த்தேன். அன்னம் அழகாக வந்திருந்தது. வீணை நன்றாக இருந்தது. வெள்ளைச் சேலையில் ஒவ்வொரு மடிப்பும் தெரிந்தது. அதற்கு மேலே, கிரீடம் வைத்துக்கொண்டு, இடது புருவத்தை உயர்த்தியபடி எங்கள் அதிபர் உட்கார்ந்திருந்தார்.

ஆசிரியர்கள் ஒவ்வொருவராக வந்து பார்த்தார்கள். “நல்லா இருக்குது சேர்” என்று சொல்லிவிட்டு வாயைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினார்கள். அதிபர் மட்டும் நெடுநேரம் நின்றார்.

“அம்மாவை எங்கையோ கண்ட மாதிரி இருக்கு, மாஸ்டர்.”

“எல்லாக் கோயில்லயும் இருக்காங்கதானே சேர்” என்றேன்.

விழாவுக்கு அதிபரின் மனைவி யாழ்ப்பாணத்திலிருந்து வந்திருந்தார். தோட்டத்துக் கோயில் தலைவர் தேங்காய் உடைத்து, தீபாராதனை முடித்து, சுவரில் இருந்த சரஸ்வதிக்குப் பொட்டு வைத்தார். எல்லோரும் கைகூப்பி நின்ற அந்த அமைதியில் அம்மையாரின் குரல் தெளிவாகக் கேட்டது.

“என்னப்பா, கனடாவில இருக்கிற உங்கட தங்கச்சியை ஏன் இஞ்ச கீறி வச்சிருக்கு?”

பிள்ளைகள் அதுவரை அடக்கி வைத்திருந்த சிரிப்பு மண்டபக் கூரையைத் தூக்கியது. அதிபர் சுவரைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். சுவரிலும் தரையிலுமாக இரண்டு புருவங்கள் ஒன்றாக என்னை விசாரித்தன.

அன்று பிற்பகலே முகத்தை மாற்றச் சொன்னார். நான் பெயின்ட் டப்பாவைத் திறந்துகொண்டிருந்தபோது கோயில் தலைவர் குறுக்கே வந்து நின்றார்.

“பூசை போட்டு, பொட்டு வச்சு, தேங்காயும் ஒடச்சாச்சுங்க சேர். இனிமே சாமி மொகத்துல பிரஷ் வச்சா குத்தமாயிரும். தோட்டத்துல யாரும் ஒத்துக்க மாட்டாங்க.”

அதிபர் சைவ ஒழுக்கம் உள்ளவர். டப்பாவை மூடச் சொன்னார். ஆனால் மறுநாளிலிருந்து மண்டபத்தில் காலைக் கூட்டத்தில் தேவாரம் பாடும்போது கண்ணை இறுக மூடிக்கொண்டார். தன்னையே கும்பிட அவருக்குக் கூச்சமாக இருந்தது. கண்ணைத் திறந்து வைத்திருந்த பிள்ளைகளோ அவரையும் சுவரையும் மாறி மாறிப் பார்த்துத் தேவாரத்தைக் கோட்டை விட்டார்கள். ‘அதிபரம்மா’ என்று சரஸ்வதிக்கு ஒரு பெயரும் வைத்துவிட்டார்கள்.

சாமியை மாற்ற முடியாது என்றானதும் அதிபர் தன்னை மாற்றிக்கொள்ளத் தொடங்கினார். தாடி வளர்த்தார். இரண்டு மாதத்தில் அது கழுத்தை மறைக்கப் பார்த்தது. நடுநடுவே நரை. மார்கழி விடுமுறைக்கு ஊருக்குப் போனபோது வீட்டில் நல்ல திட்டு விழுந்ததாக அவரே சொன்னார். ஆனாலும் எடுக்கவில்லை. கூட்டத்தில் மறுபடியும் கண்ணைத் திறந்து நின்றார். தேவாரமும் தடங்கலில்லாமல் நடந்தது.

புதிய தவணை தொடங்கிய மூன்றாம் நாள் காலை, மண்டபத்தைத் திறந்த காவலாளி ஓடி வந்தார். “சேர், சாமிக்குத் தாடி மொளச்சிருச்சு!”

உண்மைதான். யாரோ கரித்துண்டால் சரஸ்வதிக்குத் தாடி வரைந்திருந்தார்கள். கிறுக்கல் இல்லை. முடி முடியாகப் பிரித்து, தாடைக்கு அடியில் நிழல் கொடுத்து, வலப்பக்கத்தில் நரைகூட விட்டிருந்தது. என்னையும் அறியாமல் “ஆஹா” என்று சொல்லிவிட்டேன்.

“மாஸ்டர், இது ஆற்ற கை?” என்றார் அதிபர்.

யாருடைய கை என்று பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. முடியை இப்படிப் பிரித்துப் போடுகிற பிள்ளை தரம் ஒன்பதில் ஒருத்திதான் உண்டு.

“தெரியலீங்க சேர்.”

தாடிக்கு மேலே அந்தப் புருவம் ஏறியது.

கூட்டத்தில் அவர் கேட்ட உடனேயே அந்தப் பிள்ளை எழுந்து நின்றாள். அழவில்லை. கணக்கில் பிழை திருத்திய பிள்ளையைப் போல நிதானமாகச் சொன்னாள்:

“ரெண்டு பேரும் வேற வேற மாதிரி ஆயிட்டீங்க சேர். அதான் சரி பண்ணுனேன்.”

பிரம்பு வரும் என்று நான் முன்னே நகர்ந்தேன். அதிபர் தாடியைத் தடவினார்.

“அப்ப இப்ப ஆர் எடுக்கிறது, பிள்ளை? அம்மாவோ, நானோ?”

அவள் யோசித்தாள். “சாமிக்கு ஈரத் துணியில தொடச்சா போயிரும் சேர். ஒங்களுக்குத்தான் பிளேடு வேணும்.”

முதலில் சிரித்தவர் அதிபர். அவர் சத்தம் போட்டுச் சிரித்து நாங்கள் யாரும் பார்த்ததில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு கதிரையில் உட்கார்ந்துவிட்டார்.

மறுநாள் காலை முகம் வழித்து வந்தார். தாடையில் வெட்டுப்பட்ட இடத்தில் ஒரு துண்டுப் பத்திரிகைக் காகிதம் ஒட்டியிருந்தது. தேவாரம் இரண்டாவது வரியில் சிரிப்பில் உடைந்தது. அவர் கண்ணைத் திறந்தபடி, சுருதி இல்லாத குரலில், தனியாகவே கடைசிவரை பாடி முடித்தார்.

மதியம் என் வகுப்புக்கு வந்து கடைசி வரிசை வாங்கில் அந்தப் பிள்ளைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். சாமியின் தாடியைத் துடைப்பதற்கு முன் போனில் எடுத்து வைத்திருந்த படத்தை அவளிடம் காட்டினார்.

“இந்த நரையை எப்பிடிக் கீறினனி? கரி கறுப்பெல்லோ?”

“கீறலீங்க சேர். அந்த எடத்த மட்டும் சும்மா விட்டுட்டேன்.”

அதிபர் என் பக்கம் திரும்பி, “நல்லாப் படிப்பிச்சிருக்கிறீங்கள், மாஸ்டர்” என்றார். நான் அடக்கமாகத் தலையை ஆட்டினேன். அப்படி ஒரு வித்தை இருப்பதே அன்றுதான் எனக்குத் தெரியும்.