காணாமல் போன பூட்ஸ்

அச்சகத்தில் அவருக்குப் பூதக்கண்ணாடி என்று பெயர். இருபத்திரண்டு வருடமாகப் பிழை திருத்துகிறார். எங்காவது ஓர் ஒற்று விடுபட்டிருந்தால் அவருக்குச் சாப்பாடு இறங்காது. யாராவது கல்யாணப் பத்திரிகை நீட்டினால் முதலில் சிவப்புப் பேனாவைத் தேடுவார். மாப்பிள்ளை யார் என்று அப்புறம்தான் பார்ப்பார். தன் கண்ணிலிருந்து எதுவும் தப்பாது என்பதில் மனிதருக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு.

அவருடைய அக்கா, நூலகத்தில் குழந்தைகள் பிரிவைக் கவனித்துக்கொள்பவர். சனிக்கிழமைதோறும் காலை பத்து மணிக்குக் குழந்தைகளை உட்காரவைத்து ஒரு படப் புத்தகம் வாசிப்பார். ஒரு வாரம் அக்காவுக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. தம்பிக்குப் போன் செய்தபோது பாதி காற்றுதான் வந்தது.

"பத்து பக்கம்தான்டா. பக்கத்துக்கு ஒரு வரி. எனக்காகப் போய் வாசிச்சிட்டு வா."

"பத்து வரிதானே, அஞ்சு நிமிஷ வேலை."

"முக்கால் மணி நேரம் அவங்களோட பேசணும்."

"பத்து வரியைப் பத்தி முக்கால் மணி நேரம் என்ன பேசறது?"

அக்கா பக்கமிருந்து ஒரு கரகரப்பு வந்தது. இருமலா, அடக்கிய சிரிப்பா என்பது போனில் தெரியவில்லை.

நூலக அறையில் இருந்த நாற்காலிகள் எல்லாம் குழந்தைகளுக்கானவை. அவர் உட்கார்ந்ததும் முழங்கால் தாடையை இடித்தது. எதிரே பாயில் ஏழு பேர். மூத்தவருக்கே ஐந்து வயது நிரம்பவில்லை. காலில் நாலு பூட்ஸ் மாட்டிக்கொண்டு மழையில் நண்பன் வீட்டுக்குப் போகும் ஒரு கழுதையின் கதை. நிறுத்தக் குறிகளுக்கெல்லாம் உரிய மரியாதை கொடுத்து வாசித்தார். நாலு நிமிடத்தில் முடிந்தது.

ஒருவரும் எழுந்திருக்கவில்லை.

"மாமா, படமே காட்டலயே," என்றாள் முன்பல் இல்லாத ஒருத்தி.

புத்தகத்தைத் தன் முகத்துக்கு நேரே பிடித்து வாசித்திருக்கிறார். அசடு வழிந்தபடி திருப்பிப் பிடித்து, முதலிலிருந்து ஆரம்பித்தார். ஆறாம் பக்கத்தில் மூக்கு ஒழுகிய ஒருவன் கையைத் தூக்கினான்.

"ஒரு பூட்ஸ் காணோம்."

அவர் எண்ணினார். மூன்றுதான் இருந்தது. முந்தைய பக்கத்தில் நாலு. அவருக்கு முகம் மலர்ந்துவிட்டது. கை தானாகச் சட்டைப் பைக்குப் போனது.

"பிழை. படம் வரைஞ்சவர் மறந்துட்டார். பதிப்பகத்துக்கு நான் கடிதம் போடறேன்."

"மறக்கல," என்றாள் முன்பல் இல்லாதவள். "அங்க பாருங்க, தவளை."

ஐந்தாம் பக்கத்தின் மூலையில், ஓடும் தண்ணீருக்கு நடுவே ஒரு கல்லில் குளிரில் ஒடுங்கிக்கொண்டு ஒரு தவளை. ஆறாம் பக்கத்தில் கல் காலியாக இருந்தது. கழுதைக்குப் பின்னால், புதரடியில் கிடந்த பூட்ஸுக்குள்ளிருந்து இரண்டு கண்கள் எட்டிப் பார்த்தன. அந்தப் பக்கத்தில் இருந்த வரி, 'கழுதை மேலும் நடந்தது' என்பது மட்டும்தான். அந்த வரியில் பிழையில்லை என்று அவர் இரண்டு தடவை உறுதிசெய்திருந்தார்.

"கழுதை குடுத்துச்சு," என்றான் ஒருவன்.

"இல்ல, சேத்துல கழண்டு போச்சு. தவளை எடுத்துக்கிச்சு."

"குடுத்துச்சுன்னா கதையில ஏன் சொல்லல?" என்று அவர் கேட்டார். நிஜமாகவே தெரியாமல்தான் கேட்டார்.

அதுவரை வாயே திறக்காத ஒரு சின்னப் பெண் அவரைப் பரிதாபமாகப் பார்த்தாள்.

"அதான் தெரியுதே, மாமா."

அதற்குப் பிறகு கழுதையின் நனைந்த கால் பேசப்பட்டது. அது சிரிக்கிறதா, குளிரில் பல்லைக் கடிக்கிறதா என்று சண்டை வந்தது. பதினொன்றேகாலுக்கு அம்மாக்கள் வாசலில் நின்று கடிகாரத்தைக் காட்டிய பிறகே பாய் காலியானது.

நேரே அக்கா வீட்டுக்குப் போனார். அக்கா, கழுதை கொடுத்ததுதான் என்றார். தம்பி, கழன்று விழுந்த கட்சி. குரல் இல்லாத அக்கா தன் வாதத்தைத் துண்டுத் தாளில் எழுதிக் கொடுத்தார். தம்பி அதில் இரண்டு சந்திப்பிழைகளைத் திருத்தித் திருப்பிக் கொடுத்தார்.

நாலு நாளில் அக்காவுக்குக் குரல் வந்துவிட்டது. ஆனாலும் அடுத்த சனிக்கிழமை தம்பி, "சும்மா இந்தப் பக்கமா வந்தேன்," என்று நூலகத்தில் வந்து நின்றார். அவர் வீடு ஊரின் மறுகோடியில் இருக்கிறது. அக்கா குட்டி நாற்காலி ஒன்றை நகர்த்திப் போட்டார். இப்போது ஒரு வாரம் அக்கா, ஒரு வாரம் தம்பி.

சில மாதம் கழித்து அச்சகத்துக்கு ஒரு சிறுவர் புத்தகம் வந்தது. 'நாய்க்குட்டி அழுதது' என்ற வரிக்குப் பக்கத்தில், 'படத்திலேயே அழுகிறது. வரி தேவையா?' என்று சிவப்பில் எழுதி அனுப்பினார். நூலாசிரியர் போனில் கொதித்தார்.

"எழுத்துப் பிழை பாக்கறதுதானேங்க உங்க வேலை?"

"ஆமாங்க. இங்க எழுத்தே பிழைங்க."

மூன்று நாள் கழித்து அந்த வரி இல்லாமல் புத்தகம் திரும்பி வந்தது. அச்சக முதலாளி மட்டும் பதறி ஓடி வந்தார்.

"சார், நாவல் எழுதறவங்ககிட்ட இந்த வேலையைக் காட்டிடாதீங்க."

அப்போது பிழை திருத்துபவரின் மேசையில் ஒரு நாவல் விரிந்து கிடந்தது. முதல் அத்தியாயத்தில் மட்டும் பதினேழு வரிகளுக்குக் கேள்விக்குறி போட்டிருந்தார்.